ஒரு 'எஸ்'ஸுக்கு இத்தனை நக்கலா?

தென்காசி பஸ் ஸ்டாண்டில் பி.காம். படிக்கிற பையன் ஒருத்தன் "ஹி டோன்ட் நோ" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பக்கத்தில் நிற்கிறவன் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரிப்பான். 'டஸன்ட்' வரலையாம்! பையன் அன்றைக்கு மூடின வாயை இன்டர்வியூவிலும் திறக்க மாட்டான். ஒரு 'எஸ்'ஸுக்கு இவ்வளவு பெரிய தண்டனை.

சிரிக்கிற மக்களே, அந்தத் தப்பு எங்கேயிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? நான் வரவில்லை, அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை. யார் வராவிட்டாலும் வினை ஒன்றுதான். தெரியாது, முடியாது, வேண்டாம் எல்லாமே அப்படித்தான் ('வரமாட்டேன், வரமாட்டான்' மட்டும் வேறு கதை). ஆளுக்கு ஆள் மாறாத 'தெரியாது'வை வைத்திருப்பவனுக்கு 'டோன்ட்' ஒன்றே போதும் என்று தோன்றுவது முட்டாள்தனம் இல்லை.

நெல்லைச் சீமையில் "அப்பா வந்தாவ" என்பார்கள். வந்தது ஒரே ஒரு அப்பாதான், ஆனால் வினை பன்மை. மரியாதை! இதே மரியாதையோடு ஒருத்தன் "மை ஃபாதர் ஹேவ் கம்" என்று எழுதினால் தப்புதான், திருத்த வேண்டியதுதான். ஆனால் இங்கிலீஷில் மரியாதைப் பன்மை கிடையாது என்று அவனுக்கு யாராவது சொன்னார்களா? 'ஹி, ஷி, இட் வந்தா எஸ் போடு' என்று மந்திரம் மாதிரி ஒப்பிக்க வைத்ததோடு சரி.

உண்மையில் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் புதுசே இல்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் பேசுவதே திணை, பால், எண் பொருத்தத்தைத்தான். நன்னூல் ஏழு வகை வழுவைப் பட்டியல் போடுகிறது. தமிழ் பீரியடில் எழுவாய் பயனிலை படித்தவனுக்கு அடுத்த பீரியடில் அதே சங்கதியைச் செவ்வாய் கிரகத்திலிருந்து வந்த மாதிரி நடத்துகிறார்கள். குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., தாய்மொழியில் சொல்லிக்கொடுங்கள் என்று அன்றைக்கே வாதாடினார். கேட்டால்தானே!

'தி லிஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்' என்று எழுதுகிறவனிடம் விதி எண் சொல்லாதீர்கள். 'மாணவர்களின் பட்டியல் வந்தார்கள்' என்று சொல்வாயா என்று கேளுங்கள். அவனே சிரித்துவிட்டு 'ஈஸ்' போடுவான். காமர்ஸ் பசங்களுக்கு இன்னும் சுலபம். 'ப்ராஃபிட் அண்ட் லாஸ் அக்கவுன்ட் ஈஸ்'. பேர் இரண்டு, கணக்கு ஒன்று. 'டென் தௌசண்ட் ருபீஸ் ஈஸ்'. நாமும் 'பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது' என்றுதானே சொல்கிறோம், 'இருக்கின்றன' என்றா?

அப்படியானால் புரிந்தால் போதும், எப்படி வேண்டுமானாலும் எழுதலாமா? கூடாது. பேங்குக்குப் போகிற லெட்டரில் வினை தப்பினால் எழுதினவனைப் பற்றிய மதிப்பும் சேர்ந்து விழும், அதுதான் நடைமுறை. ஆனால் இங்கிலாந்திலேயே கிழக்கு ஆங்கிலியா பக்கத்துப் பேச்சுவழக்கில் 'ஹி கோ' என்று 'எஸ்' இல்லாமல் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் யாரும் வெட்கப்பட்டு ஊமையாகிவிடவில்லை.

இதில் பெரிய கூத்து, நக்கலடிக்கிற அதே ஆசாமிகள் சீசன் வந்ததும் "குற்றாலத்தில் அருவிகள் கொட்டுகிறது" என்று ஸ்டேட்டஸ் போடுவது.

கொட்டுகின்றன, சார்.