அடைக்கலம் யாருக்கு?

ஆண்டுதோறும் நவம்பர் 8 வந்தால் வீரமாமுனிவரைப் பற்றி ஒரே கட்டுரையைத்தான் நாம் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். 1680-இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி, மதுரை மிஷனுக்கு வந்து, காவியுடுத்தி, செந்தமிழ் கற்று, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். தொன்னூல் விளக்கம் எழுதினார். 1732-இல் சதுரகராதி தந்தார். எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கினார். இவை அனைத்தும் உண்மை. ஆனால் இந்தப் பட்டியலோடு பேச்சை முடித்துக்கொள்வது எவ்வளவு வசதியானது என்பதை நண்பர்கள் சற்று யோசிக்கவேண்டும். பெஸ்கி அகராதி தொகுப்பதற்காகக் கடல் கடந்து வரவில்லை. அவர் ஒரு மதப்பணியாளர். அப்பணியின் இறையியலைத் தொடாமல் அவரைப் பாராட்டுவது அவரையே பாதியாக வெட்டுவதாகும்.

இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. பெரம்பலூர், அரியலூர் என்ற மாவட்டப் பெயர்கள் தோன்றுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன், அரியலூர் மழவராயர்களின் பாளையத்துக்குட்பட்ட சிற்றூர் அது. தஞ்சை அரசில் கிறித்தவர்கள் ஒடுக்கப்பட்டபோது ஆற்றைக் கடந்து வந்து அங்கே தஞ்சம் புகுந்தனர் என்பது மரபு. பெஸ்கி அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். மரியாளை அடைக்கல மாதா என்றழைத்தார். திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். ஐரோப்பியத் தாயொருத்தியைக் காவிரிக்கரைத் தெய்வமாக்கிய அந்தச் சொல்லாற்றலை நானும் வியக்கிறேன். என் கேள்வி வேறு. அந்த அடைக்கலத்தின் வாசலில் எல்லோரும் ஒன்றாக நின்றார்களா?

இதற்கு விடை காண ஒரு நூற்றாண்டு பின்னே செல்லவேண்டும். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, தத்துவபோதகர் என்ற பெயரில் பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் மதச்சின்னங்களல்ல, சமூக வழக்கங்களே என்று வாதிட்டார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அந்த வாதத்துக்கு இசைவளித்தார். பண்பாட்டுக்கேற்பச் சமயத்தைத் தகவமைத்தல் என்று இன்று புகழப்படும் கொள்கையின் வேர் இதுதான். சமயம் ஒன்று, சமூக வழக்கம் வேறொன்று. முதலாவதை மாற்றவேண்டும், இரண்டாவதை விட்டுவிடலாம்.

பிழை இந்தப் பிரிவினையிலேயே இருக்கிறது. குடுமி எந்தப் பெட்டியில் வைக்கப்பட்டதோ அதே பெட்டியில் சாதியும் வைக்கப்பட்டது. தீண்டாமை பாவமாக எண்ணப்படவில்லை, நாட்டு வழக்கமாகக் கொள்ளப்பட்டது. நோபிலியின் புதுக்கிறித்தவர்களுக்கு மதுரையில் ஏற்கெனவே இருந்த கோயில் ஆகவில்லை, தனிக்கோயில் எழுந்தது. 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்ற தனி வகையினர் தோன்றினர். பிராமண சந்நியாசிகளுக்கு விலக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றுவதற்காக! ஒரே சபை, ஒரே நற்கருணை, ஆனால் குருக்களிலும் இரண்டு வகை. பண்பாடு என்ற சொல் இங்கே யாருடைய பண்பாட்டைக் குறித்தது என்று விளக்கவேண்டியதில்லை.

‘அந்தக் காலத்தை இந்தக் காலத்தின் அளவுகோலால் அளக்காதீர்கள்’ என்பது வழக்கமான பதில். அளவுகோல் இந்தக் காலத்துடையதன்று. 1704-இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணை, நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே சென்று அருளடையாளங்களை வழங்கவேண்டும் என்றது. தேங்காய் உடைத்தல் போன்ற வழக்கங்களையும் அதே மூச்சில் தடைசெய்த ஆணைதான் அது. அதற்குத் தமிழ் வாழ்வு புரியவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆனால் இந்தக் கேள்வியை அது கேட்டுவிட்டது. பெஸ்கி இம்மண்ணில் காலடி வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் அதை வலியுறுத்தியபோது மிஷன் கண்ட வழி என்ன? பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவது. ஏற்றத்தாழ்வைக் கேள்வி கேட்ட ஆணை, ஏற்றத்தாழ்வுக்கே ஒரு பணிப்பிரிவைப் பெற்றுத்தந்தது.

இதில் கத்தோலிக்கரை மட்டும் கூண்டிலேற்றுவது நேர்மையாகாது. பெஸ்கி கடுமையாகச் சாடிய தரங்கம்பாடி லுத்தரன்கள் 1733-இல் முதல் தமிழ்க்குருவாக வேளாளரான ஆரோனுக்குப் பட்டம் கொடுத்தார்கள். பறையரான இராசநாயக்கன் தகுதியிருந்தும் உபதேசியாராகவே இருந்து மறைந்தார். அவர் கையிலிருந்து நற்கருணை பெற மற்றச் சாதியார் முன்வரமாட்டார்கள் என்ற அச்சமே காரணம். தமிழ் நடைக்காகவும் இறையியலுக்காகவும் ஒருவரையொருவர் நூல்கள் எழுதித் தாக்கிக்கொண்ட இரு தரப்பாரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. பெஸ்கி கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். மக்களிடம் பேசக் கொடுந்தமிழ். இறைவனைப் பாடச் செந்தமிழ். தேம்பாவணியின் தலைவன் வளனாகிய சூசை ஒரு தச்சன். ஆனால் தாவீதின் அரசகுலத் தோன்றலாகவே நம் காப்பிய மரபுக்குள் அவன் நுழைகிறான். நாடும் நகரமும் அவனைச் சூழ்ந்து ஒளிர்கின்றன. காப்பிய இலக்கணம் அப்படித்தான் கேட்கும் என்பீர்கள். சரிதான். அந்த இலக்கணம் எதை உள்ளே விடும், எதை வெளியே நிறுத்தும் என்பதையும் விமர்சனம் பேசவேண்டாமா? உவமை நயம் பாராட்டியே முந்நூறு ஆண்டுகளை ஓட்டிவிட்டோம்.

விளைவுகள் ஏட்டோடு நிற்கவில்லை. வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910-இல்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் இறந்தவர்களுக்கும் சுவர் எழுப்பினார்கள். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டதன் தொடர்ச்சியாக மோதல் மூண்டது. காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். தீண்டாமை திருச்சபைக்குள் நிலவுவதை 2016-இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

இதையெல்லாம் காட்டி, மதமாற்றமே மோசடி என்று கொக்கரிப்பவர்களுக்கும் ஒரு சொல். அந்தச் சுவருக்கான செங்கல் ரோமிலிருந்து கப்பலில் வரவில்லை. நம் ஊரிலேயே சூளை போட்டது. மதம் மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையில்லை என்ற 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத்தலைவர் ஆணை, சீக்கியருக்காக 1956-இலும் பௌத்தருக்காக 1990-இலும் திருத்தப்பட்டது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் அந்தத் திருத்தம் வரவில்லை. கோயிலுக்குள் தலித், அரசுக் கோப்பில் தலித் அல்லன் என்ற இரட்டை அநீதியில் பாதியைத் திருச்சபை செய்கிறது. மறுபாதியைச் செய்வது யார்?

பெஸ்கியை மேடையிலிருந்து இறக்கவேண்டும் என்பது என் வாதமன்று. 1968-இல் மெரினாவில் நிறுத்திய சிலை அங்கேயே இருக்கட்டும். ஒரு சமயம் இன்னொரு பண்பாட்டுக்குள் நுழைந்ததற்குச் சான்றாகக் காவியையும் காப்பியத்தையும் மட்டும் காட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, கல்லறையில் யார் எங்கே புதைக்கப்படுகிறார்கள், பங்குப்பேரவையில் யார் பெயர் இல்லை என்பவையே அந்த நுழைவின் உண்மையான சான்றுகள். ‘அடைக்கலம்’ அழகான தமிழ்ச்சொல். பொருளோடு அதை உச்சரிக்கும் பொறுப்பு, பாடிய முனிவரைவிட இன்று விழா எடுக்கும் நமக்கே அதிகம்.