இருபது தானே கூட?

"வி ஸ்கொயர் ஈக்வல்ஸ் யூ ஸ்கொயர் ப்ளஸ் டூ ஏஎஸ்." தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க. பிளஸ் ஒன்ல மனப்பாடம் பண்ணியாச்சு, முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல மறுபடியும் படிச்சாச்சு, மார்க்கும் வாங்கியாச்சு. ஆனா காலையில பைக் சாவியை எடுக்கும்போது இந்தச் சமன்பாடு ஞாபகத்துக்கு வருதா? எனக்கு வந்ததே இல்லை.

போன செமஸ்டரில் எங்கள் பெஞ்சில் ஓர் இடம் ஆறு வாரம் காலியாக இருந்தது. காலில் கட்டோடு படுத்திருந்த நண்பன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: "பிரேக் பிடிச்சேன்டா, வண்டி நிக்கவே இல்ல." பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. எண்பதில் போயிருக்கிறான். "அறுபதுல போயிருந்தாலும் இதே கதைதான். இருபது தானே கூட?" என்றான்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க.

காய்ந்த தார் ரோடு, நல்ல டயர். உராய்வு தரும் எதிர்முடுக்கம் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே ஓர் ஆட்டோ வருகிறது. அதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 16.7 மீட்டர் போய்விடும். அதன்பிறகு நிற்க 19.8 மீட்டர். மொத்தம் 36.5 மீட்டர்.

மணிக்கு 80 என்றால் அந்த ஒரு விநாடியில் 22.2 மீட்டர், பிரேக் பிடித்த பிறகு 35.3 மீட்டர். மொத்தம் 57.5 மீட்டர். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குதான். பிரேக் தூரமோ கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடிவிட்டது. எல்லாம் அந்த ஸ்கொயர் பண்ற வேலை.

இனிமேதான் எனக்குத் தூக்கம் போச்சு. ரெண்டு பைக்கும் பக்கத்துல பக்கத்துல வருது, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆட்டோவைப் பார்க்கிறாங்கன்னு வைங்க. ஆட்டோ 37 மீட்டர் தள்ளி நிற்குது. அறுபதில் வந்தவன் ஆட்டோவைத் தொடாமல் நின்றுவிடுவான். அதே இடத்தில் எண்பதில் வந்தவனின் வேகம் என்ன? இருபது இருக்கும்னுதான் நானும் நினைச்சேன். விடை, மணிக்கு சுமார் 61 கிலோமீட்டர்! ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது.

"என் வண்டியில ஏபிஎஸ் இருக்கு மச்சான்" என்பீங்க. நல்லதுதான். சக்கரம் லாக் ஆகாம, வண்டி வழுக்காம அது பார்த்துக்கும். ஆனா டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இல்லாத உராய்வை அதால் உண்டாக்க முடியாது. உங்களோட அந்த ஒரு விநாடியையும் அதால் குறைக்க முடியாது. மழை பெய்தால் உராய்வு இன்னும் குறையும்.

சரி, எண்பதில் போய் என்ன மிச்சம்? பத்து கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிஷம். கேன்டீன்ல டீக்கு நிற்கிற நேரம்கூட இல்லை.

"மெதுவாப் போ"ன்னு வீட்ல சொன்னா நமக்குக் கோபம் வரும். ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. கணக்கு சொல்றதையாவது கேட்கணும் இல்லையா? மெக்கானிக்ஸ் வகுப்பில் மரக்கட்டையையும் சாய்தளத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறோமே, அதோடு இந்த ரெண்டு பைக் கணக்கையும் ஒரு நாள் போர்டில் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. அதுவரைக்கும் நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்க. உங்க வழக்கமான வேகத்தைப் போட்டு, எத்தனை மீட்டரில் நிற்பீங்கன்னு கண்டுபிடிங்க.

நான் போட்ட தாளை நண்பனிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அறுபதுல வந்திருந்தா நின்னிருப்பேன்ல?" என்றான்.