வலீன் பாவம் இல்லை, பிள்ளைகளே



போன வாரம் 'தி லோன்சம் வெஸ்ட்' நாடகத்தைப் படித்துவிட்டு இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். "கோல்மன் கொலைகாரன், வலீன் பாவம் சார். பாதிரியார் சொன்னபடி ராசியாகப் போயிருக்கலாம்" என்று சிலர் கருத்துப் போட்டிருக்கிறீர்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதியவர் மார்ட்டின் மெக்டோனா. 1997இல் அயர்லாந்தின் கால்வே நகரத்து ட்ரூயிட் நாடகக் குழு முதலில் மேடையேற்றியது. கதை நடப்பது மேற்கு அயர்லாந்தில், லீனேன் என்ற சிற்றூரில். கோல்மனும் வலீனும் கூடப்பிறந்தவர்கள். தலைமுடியைக் கேலி செய்தார் என்று பெற்ற தகப்பனையே கோல்மன் சுட்டுக் கொன்றுவிட்டான். ஊருக்கு மட்டும் அது கைதவறி வெடித்த துப்பாக்கி.

வலீன் அதைக் கண்ணால் பார்த்தவன். என்ன செய்தான்? கோல்மனின் பங்கையும் எழுதி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். பிறகு வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் தன் பெயரின் முதலெழுத்தான 'வி'யைப் போட்டு வைத்தான். புனிதர்களின் சொரூபங்களை வாங்கி வாங்கி அடுக்கினான். தகப்பன் பிணத்துக்கு விலை பேசியவனுக்குப் பக்தி ஒரு கேடா?

கோல்மன் செய்தது ஒரு நிமிட வெறி. அதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால் வலீன் செய்தது கணக்குப் போட்டுச் செய்த வியாபாரம். அவனைப் பாவம் என்று எப்படிச் சொல்வது?

பாதிரியார் வெல்ஷ் குடிகாரர், ஆனால் நல்லவர். இவர்கள் சண்டையைப் பார்க்கச் சகியாமல், உருகிக் கொதிக்கும் பிளாஸ்டிக்கில் கையை விடுகிறார். "நீங்கள் ஒன்றுசேர்வீர்கள் என்று என் ஆன்மாவையே பணயம் வைக்கிறேன்" என்ற பொருளில் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஏரியில் மூழ்கிச் சாகிறார்.

அதன்பின் இருவரும் மாறி மாறித் தப்பை ஒப்புக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே யார் செய்தது பெரிது என்ற போட்டியாகிறது. கடைசியில் கோல்மன், வலீனுடைய நாயின் காதுகளை அறுத்தது தான்தான் என்று சொல்லி, காதுகளையே பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறான். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது.

ஏனென்றால் நானும் ஒரு வெல்ஷ்தான். வகுப்பில் காய் விட்டவர்களை இழுத்து வந்து, "பழம் விடுங்கடா" என்று கையைக் கோத்துவிட்டு, சமாதானம் ஆகிவிட்டது என்று நம்பினேன். யார் எதைப் பறித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்களா என்று எத்தனை தடவை கேட்டேன்? எனக்கு வகுப்பு அமைதியாக இருந்தால் போதும். அப்படி ஏமாந்த பிள்ளை யாராவது இதைப் படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

கடைசிக் காட்சியில் வலீன் அந்தக் கடிதத்தைக் கொளுத்தப் பார்க்கிறான். மனசு வரவில்லை, திரும்பவும் சுவரிலேயே மாட்டிவிடுகிறான். எனக்கு அந்தச் சின்ன நம்பிக்கை போதும்.

சொந்தங்களில் யாருக்காவது இது உறைத்தால் உறைக்கட்டும். முதலில் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வையுங்கள். அப்புறம் பழம் விடலாம்.