என் பெயரில் ஒரு பொய்ச் சான்றிதழ்

வெளிநாட்டு வேலை ஏஜெண்ட்டே, வட்டப்பாறைக்கு வாய்யா! விழுப்புரத்திலிருந்து செஞ்சி ரோட்டில் வந்து பிரிந்தால் திருவாமாத்தூர், அபிராமேஸ்வரர் கோயில். கொடுக்கல் வாங்கலில் வம்பு என்றால் எங்கள் பக்கத்து ஜனங்கள் அங்கிருக்கும் வட்டப்பாறை முன்னால்தான் சத்தியம் கேட்பார்கள். அங்கே நின்று, 'இந்தப் பையன் பேரில் நான் பொய்ச் சான்றிதழ் வைக்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணத்தைக்கூட விட்டுவிடுகிறேன்.

நான் 108 ஆம்புலன்ஸ் வண்டியில் அவசர மருத்துவ உதவியாளனாக (ஈ.எம்.டி.) இருந்தவன். 2008 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்த சேவை அது. வண்டி ஓட்டுபவர் பைலட், பின்னால் நோயாளியோடு உட்காருகிறவன் நான். நர்சிங் படித்தவர்களும் இந்த வேலைக்கு வருவார்கள், என்னைப் போல விலங்கியல் பட்டம் வாங்கியவர்களும் வருவார்கள். 50 நாள் பயிற்சி. அதன் பிறகு ரோடுதான் வாத்தியார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி நசுங்கிக் கிடந்த காரிலிருந்து ஆளை எடுத்து, கழுத்துக்குப் பட்டை போட்டு, ஸ்பைன் போர்டில் கட்டி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்ட கை இது. ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்த்த கை.

அந்தக் கைக்குத்தான் நீ விலை பேசினாய். "108-ல இருந்தவங்கன்னா சவூதியில கொத்திக்கிட்டுப் போவான் தம்பி, டிகிரி இருக்கு, அனுபவம் இருக்கு, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாய். அந்த 'மத்தது' என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. உனக்குத் தெரியும். அங்கே ஆம்புலன்ஸில் ஏற வேண்டுமானால் அவசர சிகிச்சையிலேயே பட்டமோ பட்டயமோ வேண்டும். அதைச் சான்றிதழ் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்தார் படித்த கல்லூரிக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். புரோமெட்ரிக் தேர்வு எழுத வேண்டும். பிறகுதான் சவூதி சுகாதார ஆணையத்தின் பதிவு. என் விலங்கியலுக்கு அங்கே கதவே கிடையாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருப்பேனே! பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்று உயிர்காக்கும் பயிற்சிக் கார்டெல்லாம் எடுக்கச் சொல்லி அதற்கும் தனியாகக் காசு வாங்கினாயே, எதற்கு?

சரிபார்ப்புக்குச் சம்மதக் கடிதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாய். அதோடு, நான் வாசல்கூட மிதிக்காத ஒரு கல்லூரியின் பட்டயத்தைச் சேர்த்து அனுப்பியிருக்கிறாய். அப்படி ஒரு மாணவனே இல்லை என்று கல்லூரி பதில் எழுதிவிட்டது. இப்போது பொய்ச் சான்றிதழ் கொடுத்தவன் நான்! போலீஸ் ஸ்டேஷனில் முதல் கேள்வியே, "கையெழுத்து உன்னுதுதானே?"

1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு இல்லாதவன் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு இருப்பவனும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் கட்டணமாக வாங்கலாம். நீ லட்சக் கணக்கில் ரொக்கமாக வாங்கினாய். ரசீது எங்கே என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். உன்னைக் கேட்க ஆளில்லை.

அரசாங்கத்தையும் ஒன்று கேட்கிறேன். 2021-ல் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பட்டயம் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு என்கிறது. நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வருஷக்கணக்காக ராத்திரியும் பகலும் 12 மணி நேர ஷிப்டில் உயிர் காத்தவனின் மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? வேலையில் இருப்பவர்கள் மேற்கொண்டு படித்துத் தேர்வெழுதி அந்தப் பட்டயத்தை முறையாக வாங்க ஒரு வழி போட்டுக் கொடுங்கள். அது இல்லாத இடத்தில்தான் இந்த மாதிரி ஆட்கள் கடை விரிக்கிறார்கள்.

வண்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே! வெளிநாட்டுக்குப் போங்கள், தடுக்கவில்லை. ஏஜெண்ட்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். டேட்டாஃப்ளோ கணக்கை நீங்களே திறந்து, உங்கள் சான்றிதழை உங்கள் கையாலேயே ஏற்றுங்கள். சம்மதக் கடிதத்தை மட்டும் தயவுசெய்து வேறொருவன் கையில் கொடுக்காதீர்கள்.