பாடம் முடிஞ்சாச்சு, ஆனா வகுப்பு முடியல: கல்வராயன் மலைக்கு அந்தக் கடைசி 10 நாள் ஏன் முக்கியம்?

ஏப்ரல் மாதம் ஒரு தொடக்கப் பள்ளி எப்படி இருக்கும்? மூன்றாம் பருவத் தேர்வு, ஆண்டு விழா டான்ஸ் ஒத்திகை, குரூப் போட்டோ. அப்புறம் ஜூன் வரை பூட்டு. 2025-ல் வெயில் காரணமாக 1 முதல் 5-ம் வகுப்பு வரையிலான தேர்வுகள் முன்கூட்டியே நடத்தப்பட்டு, ஏப்ரல் 17-லேயே முடிந்துவிட்டன. டவுன் பிள்ளைகளுக்கு இது ஜாலி. கல்வராயன் மலையில் கதை வேற.

அங்கே என்ன வித்தியாசம்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதன் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது கல்வராயன். இங்கே பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வெள்ளிமலை, கரியாலூர் தாண்டினால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள்தான். பல பிள்ளைகளுக்குப் பள்ளி என்றால் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாமே அங்கேதான்.

அந்தக் கதவு மூடினால் புத்தகமும் கூடவே மூடுகிறது. வேலை தேடி வெளிமாநிலம் போகும் குடும்பங்கள் இங்கே நிறைய. பிள்ளையும் கூடவே போனால், ஜூனில் திரும்பி வருமா என்பதே கேள்விக்குறி. இந்த மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது நினைவிருக்கலாம். சாலை, ஆஸ்பத்திரியோடு சேர்த்துப் பேச வேண்டிய விஷயம் இதுவும்.

அரசு எதுவும் செய்யலையா?

செய்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. வயசை வைத்து இல்லை, எந்த அளவுக்குப் படிக்க வருகிறது என்பதை வைத்து. பாட்டு, அட்டை, விளையாட்டு என்று நல்ல முறைதான். தேவையும் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு வந்த 'ஏசர் 2022' ஆய்வில், கிராமப்புறத் தமிழ்நாட்டில் 2-ம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த 3-ம் வகுப்புப் பிள்ளைகள் 5 சதவீதத்துக்கும் குறைவு. பள்ளி மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கோடை விடுமுறை அதே விஷயத்தின் சின்ன சைஸ்.

அப்போ என்ன செய்யலாம்?

கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5-ம் வகுப்புக்கு வருடத்துக்கு 200 வேலை நாள். அதில் கடைசி 10 நாளை மட்டும் வேறு மாதிரி செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

ஒன்று, வகுப்பே சேர்ந்து ஒரு புத்தகம் செய்யட்டும். சாமை எப்படி விதைக்கிறாங்க, மரவள்ளி எப்போ பிடுங்குவாங்க, கடுக்காய் எதுக்கு? பிள்ளை சொல்லட்டும், எழுதட்டும், படம் வரையட்டும். வீட்டில் பேசும் சொல் முதல்முறையாக எழுத்தில் வரும்போது, 'என் பேச்சையும் எழுதலாம்' என்று புரியும்.

இரண்டு, மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாளில் பிள்ளை பெற்றோர் முன்னால் ஒரு பக்கம் சத்தமா வாசிக்கட்டும். படிக்காத அப்பா அம்மாவுக்கு கிரேடு புரியாமல் போகலாம். குரல் புரியும்.

மூன்று, 'வாசிப்பு இயக்கம்' வெளியிட்ட மாதிரி குட்டிப் புத்தகங்கள் இரண்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம். கிழிஞ்சா கிழியட்டும். அலமாரியில் பத்திரமாக இருக்கும் புத்தகத்தால் யாருக்கு லாபம்?

நான்கு, அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி. 'கழித்தல் வரும், கடன் வாங்கினா குழம்புவான்' என்ற அளவில் போதும். ஜூன் மாதத்தில் பாதி மிச்சம்.

ஆசிரியருக்கு இது இன்னொரு சுமை ஆகாதா?

நியாயமான கேள்வி. இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு, கூடவே எமிஸ் பதிவு என்று ஓடுகிறவர்களிடம் மேலும் ஒரு வேலையைத் திணித்தால் அது பதிவேட்டில் மட்டும்தான் நடக்கும். அதனால் கூட்டாமல், மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த 10 நாளுக்கு ஆன்லைன் பதிவுகளையும் போட்டோ அனுப்பும் வேலையையும் நிறுத்தி வைக்கட்டும்.

ஆண்டு விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையில் நாலு பேர் ஆடுவார்கள், மீதிப் பேர் கை தட்டுவார்கள். அந்த மீதிப் பேர் கையிலும் ஒரு புத்தகத்தோடு மலைப்பாதையில் வீட்டுக்குப் போகணும். ஜூனில் அதைத் திருப்பிக் கொடுக்கவாவது பள்ளிக்கு வருவாங்க இல்லையா?