அணைந்த உலையும் அணையாத கேள்வியும்

ஜப்பான் நாட்டின் மேற்குக் கரையிலே, நீகாட்டா மாகாணத்திலே, காசிவாசாகி நகரையும் கரிவா சிற்றூரையும் தழுவிக் கிடக்கிறது ஓர் அணுமின் நிலையம். உலைகள் ஏழு. மொத்தத் திறன் 8,212 மெகாவாட். உலகிலே இதனினும் பெரிய அணுமின் நிலையம் கிடையாது. 2012 மார்ச்சிலே அதன் கடைசி உலையும் நிறுத்தப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு வீட்டு விளக்கையும் ஏற்றாமல் அந்தப் பெருநிலையம் உறங்கிற்று. 2025 நவம்பர் 21 அன்று, "இயக்கலாம்" என்றார் மாகாண ஆளுநர் ஹிதேயோ ஹனசுமி. டிசம்பர் 22 அன்று மாகாணப் பேரவை அவர்பால் நம்பிக்கை தெரிவித்தது. 2026 ஜனவரி 21 அன்று 6 ஆம் உலை மீண்டும் இயங்கத் தொடங்கிற்று.

"முடிந்துபோன செய்தி, அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். முடிந்தது உலையின் உறக்கம், கேள்வி முடியவில்லை. நிறுத்தப்பட்ட உலையை மீண்டும் இயக்குவதா என்பதை முடிவு செய்பவர் யார்? எந்தச் சான்றைக் கொண்டு? யாருடைய உயிரைப் பணயமாக வைத்து? இந்த மூன்று கேள்விகளுக்கும் நேரான விடை கிடைக்காத வரையில், எத்தனை கையெழுத்து விழுந்தாலும், எத்தனை முத்திரை குத்தப்பட்டாலும், அந்த முடிவை முறையான முடிவென்று ஒப்ப நாம் ஆயத்தமாக இல்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். அணு என்றதும் அலறுவோர் அணியில் நாம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கருவைப் பிளந்து, அதன் வெப்பத்தால் நீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆற்றல் மனித அறிவின் வெற்றி. அதைச் சாபம் என்றும் கேடுகாலத்தின் அறிகுறி என்றும் பேசுவது மடமை. ஆனால், "விஞ்ஞானம்" என்ற சொல் காதில் விழுந்ததுமே கைகூப்பி நிற்பதும் மடமைதான். விஞ்ஞானம் நம்மிடம் கேட்பது நம்பிக்கையை அன்று, சோதனையை. "நம்பு" என்று சொல்பவன் எந்த அங்கி அணிந்து வந்தாலும், அவன் கையில் இருப்பது ஏடாயினும் அளவுகோலாயினும், அவன் பேசுவது புரோகிதன் பேச்சு.

உலையை இயக்கச் சொல்வோரின் வாதத்தையும் மறைக்காமல் எடுத்துரைப்போம். ஜப்பானில் எண்ணெய் வளம் மிகக் குறைவு. எரிவாயு வளமும் அருமை. 2011 க்கு முன்பு அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு அணு உலைகளிலிருந்து கிடைத்தது. உலைகள் நின்றதும் நிலக்கரியும் எரிவாயுவும் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பணம் வெளியே போயிற்று. புகை வானத்தில் ஏறிற்று. நிலக்கரிப் புகை ஓசையின்றிக் கொல்லும் நஞ்சு. அது புவியின் வெப்பத்தையும் ஏற்றுகிறது. இவை அத்தனையும் உண்மை. ஒப்புக்கொள்கிறோம். எதிரியின் வாதத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ள அஞ்சுபவன் பகுத்தறிவாளன் அல்லன்.

ஆனால், மின்சாரம் தேவை என்பதிலிருந்து, இந்த உலையை, இந்தக் கம்பெனி, இந்த முறையில் இயக்கலாம் என்பது எப்படிப் பிறக்கும்? பசிக்கிறது என்பது சோறு வேண்டும் என்பதற்குச் சான்று. பரிமாறப்பட்ட சோற்றில் கல் இல்லை என்பதற்கு அது சான்றாகுமா?

அணு உலை ஊதி அணைக்கும் விளக்கன்று. பிளவை நிறுத்திய அந்த நொடியிலும், முன்பு பிளந்த அணுக்களின் மிச்சங்கள் சிதைந்துகொண்டே இருக்கும். முழுத் திறனில் 6, 7 விழுக்காடு அளவு வெப்பம் எழும். அது நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லவே குறையும். ஆகவே, நின்ற உலைக்கும் இடைவிடாமல் தண்ணீர் வேண்டும். தண்ணீரைச் செலுத்த மின்சாரம் வேண்டும். மின்சாரம் தரும் நிலையமே மின்சாரத்துக்கு ஏங்கும் நிலை வந்தால், அதுவே அழிவின் வாயில்.

2011 மார்ச் 11 அன்று புகுஷிமா டாய்இச்சியில் அந்த வாயில் திறந்தது. நிலம் அதிர்ந்தது, ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் முறைப்படி நின்றன, வெளி மின்சாரம் அறுந்தது, டீசல் இயந்திரங்கள் இயங்கின. அதன் பின் கடல் வந்தது. கம்பெனி கணக்கிட்டு வைத்திருந்த அலையின் உயரம் 5.7 மீட்டர். வந்த அலை ஏறத்தாழ 15 மீட்டர். டீசல் இயந்திரங்கள் மூழ்கின. மூன்று உலைகளின் கருவும் உருகிற்று. 1,50,000 க்கு மேற்பட்ட மக்கள் ஊரைத் துறந்து ஓடினர்.

"யார் எதிர்பார்த்தார்கள் இத்தகைய அலையை?" என்று கேட்டனர் கம்பெனிக்காரர்கள். எதிர்பார்த்தவர்கள் அவர்களேதான்! 15.7 மீட்டர் வரை அலை எழக்கூடும் என்று 2008 இல் அவர்களுடைய ஆய்வே கணக்கிட்டுச் சொல்லிற்று. மேலும் ஆராயவேண்டும் என்று அந்தக் கணக்கை ஒதுக்கிவைத்தார்கள். கடல் தன் எச்சரிக்கையை அதற்கும் முன்பே உலகுக்கு அறிவித்திருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று நம் கல்பாக்கத்தில் ஆழிப்பேரலை அணுமின் நிலையத்தின் கடல்நீர் இறைக்கும் கூடத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்த நேர்ந்தது. அங்கே உலை தப்பிற்று. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பலியாயின. கண்ணுடையோர் பாடம் கற்கப் போதுமான நிகழ்ச்சி அது.

ஜப்பானியர் இந்தக் குருட்டுத்தனத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றனர்: 'அன்சென் ஷின்வா'. தமிழிலே சொன்னால், பாதுகாப்புப் புராணம். ஆம் தோழர்களே, புராணம்! "நம் உலையில் பெருவிபத்து நேராது" என்பது அதன் மூலமந்திரம். விபத்து நேராது என்று சொன்னபின், விபத்துக்கு ஆயத்தம் செய்தால் மந்திரம் பொய்த்துவிடுமே! ஆகவே ஆயத்தமும் செய்யவில்லை. நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, கியோஷி குரோகாவா தலைமையில் ஆராய்ந்து, 2012 ஜூலையில் அறிக்கை தந்தது. இது மனிதர் விளைத்த கேடு என்றது. கண்காணிக்கவேண்டியவர்கள் கண்காணிக்கப்படுவோரின் பிடியில் இருந்தனர் என்றது. இயற்கையின் மேல் பழி போட்டுத் தப்ப முயன்றோர் முகத்தில் விழுந்த அறை அது.

அந்தக் கம்பெனி எது? டோக்கியோ மின்சாரக் கம்பெனி. காசிவாசாகி-கரிவாவின் உரிமையாளர் யார்? அதே டோக்கியோ மின்சாரக் கம்பெனி!

அதன் நடத்தை ஏட்டைப் புரட்டுவோம். 2002: சோதனைப் பதிவேடுகளில் பொய் எழுதியது அம்பலமாயிற்று, தலைவர் பதவி விலகினார், அடுத்த ஆண்டு கம்பெனியின் 17 உலைகளும் நிற்க நேர்ந்தது. 2007 ஜூலை 16: நீகாட்டாவில் நில அதிர்ச்சி, காசிவாசாகியில் மின்மாற்றி தீப்பற்றிப் புகை எழுந்ததை நாடே பார்த்தது. 2011: புகுஷிமா. இத்தனைக்கும் பின்னாவது திருந்தினார்களா? 2020 செப்டம்பரில், காசிவாசாகியிலே, ஊழியர் ஒருவர் வேறோர் ஊழியரின் அடையாள அட்டையைக் கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே நுழைந்தார். அத்துமீறி நுழைவோரைக் கண்டறியும் கருவிகள் பழுதுபட்டுக் கிடந்ததும் பின்னர் வெளிப்பட்டது. 2021 ஏப்ரலில் ஒழுங்குமுறை ஆணையம் எரிபொருளை அசைக்கவே தடை விதித்தது; 2023 டிசம்பரில்தான் தடை நீங்கிற்று. தொழில்நுட்பத் தேர்வில் 6, 7 ஆம் உலைகள் 2017 டிசம்பரிலேயே தேறிவிட்டன என்பதை நினைவிற்கொள்க. இயந்திரம் தேறிற்று, இயக்குவோர் தேறவில்லை!

ஆணையம் வெறும் பொம்மை என்று நாம் சொல்லவில்லை. 2024 நவம்பரில் சுருகா 2 ஆம் உலையின் கீழே உயிருள்ள நிலப்பிளவு இருக்கக்கூடும் என்ற காரணத்தால், இயக்க இசைவு தர மறுத்தது அதே ஆணையம். மறுக்கத் தெரிந்த ஆணையத்தின் இசைவுக்கு மதிப்புண்டு. ஆயினும் அதன் வேலை உலையின் வேலிக்குள் முடிந்துவிடுகிறது. வேலிக்கு வெளியே மக்கள் தப்பியோடும் திட்டம் சரியா என்று அது தீர்ப்பளிப்பதில்லை.

அங்கேதான் நெஞ்சு நடுங்குகிறது. புகுஷிமா மாகாணத்தில், வெளியேற்றத்தின் அலைச்சலிலும் அதன் பின்விளைவுகளிலும் மாண்டோர் 2,000 க்கு மேற்பட்டோர், பெரும்பாலோர் முதியோர். "பார்த்தீர்களா, கதிரியக்கம் கொல்லவில்லை, ஓட்டம்தான் கொன்றது" என்கின்றனர் உலைக்கு வழக்காடுவோர். நன்று! ஓட்டம்தான் கொல்லும் என்றால், ஓடும் வழியைச் செம்மை செய்யாமல் உலையை மூட்டுவது எப்படி நியாயம்? அவர்கள் வாதமே அவர்கள் கழுத்தைச் சுற்றுகிறது.

காசிவாசாகியைச் சுற்றி 30 கிலோமீட்டருக்குள் 4 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். பனி ஆளுயரம் பொழியும் நாடு அது. 2024 ஜனவரி 1 அன்று, அதே கடற்கரையில் மேற்கே உள்ள நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நில அதிர்ச்சி ஏற்பட்டது. சாலைகள் பிளந்தன, ஊர்கள் துண்டிக்கப்பட்டன, வீடுகள் சரிந்தன. கதிரியக்கம் பரவினால் "வீட்டுக்குள் இருங்கள்" அல்லது "வெளியேறுங்கள்" என்பதே திட்டம். வீடும் இல்லை, சாலையும் இல்லை என்றால் எங்கே இருப்பது, எதன் வழி வெளியேறுவது? வெளியேற்றத் திட்டம் போதாது என்ற காரணத்துக்காகவே 2021 மார்ச்சில் மிட்டோ மாவட்ட நீதிமன்றம் டோக்காய் 2 ஆம் உலையை இயக்கக் கூடாதென்று தீர்ப்பளித்தது. நீதிபதிக்குத் தெரிந்தது ஆட்சியாளருக்குத் தெரியாதா?

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். காசிவாசாகியின் மின்சாரத்தால் ஒளிர்வது டோக்கியோ. நீகாட்டா வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவது வேறொரு கம்பெனி. ஒளி ஒரு பக்கம். ஆபத்து மறு பக்கம். புகுஷிமாவிலும் கணக்கு இதுவே. தலைநகரின் மாடங்கள் மின்ன, மீனவனும் உழவனும் தன் கடலையும் கழனியையும் ஈடு வைக்கவேண்டும்! ஈட்டுக்கு விலையாக, மாகாணத்துக்கு 10,000 கோடி யென் தருவதாக 2025 அக்டோபரில் கம்பெனி அறிவித்தது. பேரவை முடிவெடுக்கப் போகும் வேளையில் வந்த பணத்தைக் கொடை என்று அழைக்க நம் நாக்கு கூசுகிறது.

சரி, ஆபத்தைச் சுமக்கும் மக்களைக் கேட்டார்களா? நீகாட்டா மக்களுக்கு வாக்களித்துத் தீர்மானிக்கத் தெரியும். 1996 ஆகஸ்டில் அம்மாகாணத்து மாக்கி நகர மக்கள், அணுமின் நிலையம் வேண்டாமென்று பத்தில் ஆறுபேர் வாக்களித்து, அத்திட்டம் பின்னர் கைவிடப்படச் செய்தனர். 2001 இல் கரிவா சிற்றூர் மக்களும், புளூட்டோனியம் கலந்த எரிபொருளை ஏற்க மாட்டோமென்று வாக்களித்தனர். இம்முறையும் பொது வாக்கெடுப்பு வேண்டுமென்று 1,40,000 க்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 2025 ஏப்ரலில் மாகாணப் பேரவை அதைத் தள்ளுபடி செய்தது. மாகாண ஆட்சியே அக்டோபரில் வெளியிட்ட கருத்தறியும் ஆய்வில், இயக்குவதற்கான நிலைமைகள் அமையவில்லை என்று கூறியோர் ஏறத்தாழ 60 விழுக்காடு. அதற்கடுத்த மாதமே ஆளுநரின் இசைவு!

"அணு நுட்பம் அறியாத மக்களை வாக்களிக்கச் சொல்வதா?" என்று ஏளனம் செய்வோர் உண்டு. பழைய குரல்! "உனக்கு ஓதத் தெரியாது, எட்டி நில்" என்று உரைத்த அதே குரல். விபத்து நேரும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடுவது நிபுணர் வேலை; அதை அவர்களிடமே விடுவோம். அந்த ஆபத்தைத் தாங்க இசைவதா என்பது, தாங்கப்போகிறவன் சொல்லவேண்டிய விடை. அறுவை எப்படிச் செய்வது என்பதை மருத்துவர் அறிவார். செய்துகொள்வதா என்று சொல்பவன் நோயாளி.

6 ஆம் உலை இயங்கத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே, கட்டுப்பாட்டுத் தண்டுகளை இயக்கும் கருவித் தொகுதியில் எச்சரிக்கை மணி ஒலித்தது. உடனே பணியை நிறுத்தினர். உலையையும் நிறுத்தி ஆராய்ந்தனர். பிப்ரவரியில்தான் மீண்டும் இயக்கினர். அது சரியான செயல்; பாராட்டுகிறோம். ஆனால் கேட்கிறோம்: ஒரு கருவியின் மணி ஒலித்தால் நிற்கத் தெரிந்த நீங்கள், 1,40,000 மனிதர் சேர்ந்து மணி அடித்தபோது ஏன் நிற்கவில்லை?

நம் கோரிக்கை அணுவை ஒழி என்பதன்று. நின்ற உலையை மூட்டுமுன் நான்கு செய்க என்கிறோம். கம்பெனியின் கணக்குகள் அனைத்தையும், அதற்குக் கசப்பானவற்றையும் சேர்த்து, வெளியிடுக. வெளியேற்றத் திட்டத்தை, பனிக்கால நில அதிர்ச்சியை மனத்திற்கொண்டு, நடத்திக் காட்டிச் சோதித்து, அதையும் இசைவுக்கு நிபந்தனையாக்குக. கம்பெனியின் பணம் பேரவையின் வாயிலை நெருங்காமல் தடுக்க. இறுதியில், சுற்றிலும் வாழும் மக்களின் வாக்கைக் கேட்க. "வேண்டும்" என்று அவர்கள் சொன்னால் உலை எரியட்டும்; அந்த ஒளியில் கறை இராது.

தோழர்களே! கூடங்குளமும் கல்பாக்கமும் நம் கரையில் நிற்கின்றன. நாளை இதே கேள்வி நம் வாயிலுக்கும் வரக்கூடும். அன்று அச்சத்தால் கூவாதீர், ஆர்வத்தால் ஆடாதீர். கணக்கைக் கேளுங்கள், கணக்கைப் போட்டவன் யார் என்று கேளுங்கள், கணக்குத் தப்பினால் சாகப்போவது யார் என்று கேளுங்கள். கேள்வியை அணைத்துவிட்டு உலையை மூட்டும் ஆட்சி எந்த நாட்டில் இருப்பினும், அது ஏற்றும் விளக்கின் அடியில் இருளே குடியிருக்கும்.