ஒன்றும் பலவும்

நூலைக் காத்தல் என்பது ஏட்டைக் காத்தல் மட்டுமன்று. ஏட்டிலுள்ளதை எஞ்சாமற் படித்தெடுத்தலும் அதன்பாற்படும். படிப்பவன் ஓரடியை விட்டுச் செல்வானாயின், ஏடு பழுதின்றி இருப்பினும் நூல் பழுதுற்றதேயாம். முன்னாளில் இப்பிழை ஏடெழுதுவோர் கையால் நேர்ந்தது; இந்நாளிற் கணினி நிரல்களாலும் நேர்கின்றது. எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரே பெயருடைய உறுப்புப் பன்முறை வருமிடத்து, நிரல் அதனை எவ்வாறு கொள்ளல் வேண்டும், அதனை வரையறுக்குங் கடமை யாருடையது என்னும் இரண்டனையும் பற்றி யான் கருதுவதை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

எக்ஸ்எம்எல் என்பது 1998-ஆம் ஆண்டு பெப்ருவரி 10-ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்புப் பரிந்துரைத்ததோர் எழுத்துமுறை. இதில் நூலின் ஒவ்வொரு பகுதியும் தொடக்கக் குறி, முடிவுக் குறி என்னும் இரண்டற்கும் இடையே வைக்கப்படும். இதனை உறுப்பு என்பர். ஓருறுப்பினுள் வேறுறுப்பு அடங்குதலும், ஒரு பெயர்ப்பட்ட உறுப்பு அடுத்தடுத்துப் பலவாய் வருதலும் உண்டு. யாப்பிலக்கணம் பயின்றார்க்கு இது புதிதன்று. எழுத்து அசையிலும், அசை சீரிலும், சீர் அடியிலும் அடங்க, அடிகள் கூடிச் செய்யுளாதலை யாம் நன்கறிவோம்.

நமக்குப் பழகிய திருமறையையே சான்றாகக் கொள்வோம். புரொட்டஸ்டண்டார் வழங்கும் திருமறையில் நூல்கள் 66, அதிகாரங்கள் 1189. ஒவ்வொரு நூலும் ஓருறுப்பு. அதனுள் அதிகாரங்கள் உறுப்புக்கள். பைதான் மொழியின் எலிமெண்ட்ட்ரீ என்னுங் கருவியை ‘ஃபைண்ட்’ என்று ஏவினால், கேட்ட பெயருடையவற்றுள் முதலாவது மட்டும் வரும். ‘ஃபைண்டால்’ என்று ஏவினால் அனைத்தும் வரும். முன்னதை ஆண்டவன் ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களுள் ஒன்றைப் பெற்று 49-ஐ இழப்பான். திருமறை முழுவதிலும் அவன் பெறுவன 66, இழப்பன 1123. இங்ஙனமாகியும் கணினி பிழையென்று ஒரு சொல்லும் சொல்லாது. அதனினும் தீயது ஒன்றுண்டு. ஒபதியா, பிலேமோன், யோவானின் 2-ஆம், 3-ஆம் நிருபங்கள், யூதா ஆகிய ஐந்து நூல்களும் ஓரதிகாரமே உடையன. சிறிய நூலாயிற்றே என்று யூதாவின் நிருபத்தைக் கொண்டு சோதிப்பவனுக்கு அந்நிரல் குற்றமற்றதாகவே தோன்றும்.

இதற்கு மறுதலையான இடரும் உண்டு. எக்ஸ்எம்எல்-டு-டிக்ட் என்னுங் கருவி, ஓருறுப்புப் பலவாய் வரின் பட்டியலாகவும், ஒன்றே வரின் பட்டியலின்றித் தனிப்பொருளாகவும் தரும். அதிகாரமெல்லாம் பட்டியலாகவே வருமென்று நம்பி எழுதிய நிரல், ஆதியாகமம் முதல் ஆமோஸ் ஈறாக இடரின்றி நடந்து, ஒபதியாவிற் கால் இடறி வீழும். ஆதலின், பலவாய் வரக்கூடிய உறுப்பை எஞ்ஞான்றும் பட்டியலாகவே கொள்ளல் வேண்டும். ஒன்று வரின் அஃது ஒன்றுடைய பட்டியல். ஒன்றும் வாராவிடின் அது வெறும் பட்டியல். ஒன்றே வரினும் பட்டியலாகத் தருமாறு முன்னரே பணித்தற்கு அக்கருவியிலும் வழியுண்டு. முப்பதுக்கும் ஒன்றுக்கும் இன்மைக்கும் ஒரே வழியாற் செல்லும் நிரலே நம்பத்தக்கது.

அனைத்தையும் கேட்டாற் போதுமோ எனின், போதாது. எங்கிருந்து கேட்கின்றோம் என்பதும் வேண்டும். திருக்குறளில் 3 பாலும் 133 அதிகாரமும் உள. பாலுறுப்பினுள் அதிகாரங்களை வைத்து, இரண்டற்கும் ‘பெயர்’ என்னும் உறுப்பைத் தந்தோமென்க. நூலின் தலையிலிருந்து ‘ஃபைண்டால்’ என்று ‘அதிகாரம்’ என்னும் பெயரை மட்டுங் கூறிக் கேட்டால் ஒன்றும் வாராது. அவ்வேவல் தனக்கு நேர்கீழ் உள்ளவற்றையே நோக்கும். எவ்வளவு ஆழத்திருப்பினும் தேடும் ‘இட்டர்’ என்னும் ஏவலாற் பெயர்களைக் கேட்டாலோ 136 வரும். பாலின் பெயர்களும் உடன்கலந்துவிடும். வரவேண்டுவன 133 என்று அறிந்தவனே இவ்விரு பிழையையுங் கண்டுகொள்வான்.

இவ்விடத்தேதான் என் கருத்துத் தோன்றுகின்றது. ஓருறுப்பு எத்தனை முறை வரலாம் என்பது கணினியைப் பற்றிய வினாவன்று. நூலைப் பற்றிய வினா. எக்ஸ்எம்எல் கோப்பிற்கு முன்னரே ஓர் இலக்கணம் வகுத்துக்கொள்ளலாம். அதில் ஓருறுப்பின் பெயரையடுத்துக் கூட்டற்குறி இடின் ஒன்றேனும் பலவேனும் வரும். உடுக்குறி இடின் வாராமலும் இருக்கலாம், பலவாகவும் வரலாம். வினாக்குறி இடின் மிகுதியாய் ஒன்றே வரும். இம்மூன்றனுள் எதனை எங்கே இடுவது என்று துணிபவன் நூலறிந்தவனாதல் வேண்டும்.

பாடபேதத்தைப் பாருங்கள். ஒரு சொல்லுக்குச் சுவடிதோறும் வெவ்வேறு பாடம் இருத்தல் கூடும். இதனை அறியாதான், பாடத்தை உறுப்பாக்காது, தொடக்கக் குறியினுள் எழுதும் பண்பாக்கிவிடுவான். ஓருறுப்பில் ஒரே பெயருடைய பண்பு இருமுறை வருதலை எக்ஸ்எம்எல் ஒப்புக்கொள்ளாது. ஆகவே இரண்டாம் பாடத்திற்குத் தனியிடம் இல்லாதொழியும். இலக்கியப் புலவரும் மொழிநூலாரும் கணினியறிஞரும் கூடி 1987-இல் தொடங்கிய டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் என்னும் முயற்சியில், ஒவ்வொரு பாடமும் தனியுறுப்பாகவே வைக்கப்பட்டது.

ஐங்குறுநூற்றின் 129, 130-ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. பாட்டுறுப்புக்களை வரிசையாக எண்ணியே பாட்டெண் இடும் நிரல், 131-ஆம் பாட்டை 129 என்று காட்டும். பின்வருவன எல்லாம் இவ்விரண்டு குறைந்தே நிற்கும். பாட்டெண்ணை அவ்வவ்வுறுப்பிலேயே பொறித்து, அதனையே நிரல் படித்தல் வேண்டும் என்பதைத் தமிழ் கற்றவனன்றி வேறு யாவர் சொல்வார்?

‘இவையெல்லாம் பொறியியல் பயில்வார் தொழில், தமிழ் மாணாக்கர்க்கு இவற்றால் ஆவதென்னை?’ என்பார் உளர். அவர்தம் தொழிற்றிறனை யான் குறைகூறுகின்றிலேன். ஆயின் ஒபதியாவிற்கு ஓரதிகாரமே உண்டென்றும், இரண்டு பாட்டுக்கள் இறந்துபட்டன என்றும் அவர்க்கு முன்கூட்டி அறிவிப்பார் யாவர்? அறிவிக்காது வாளா இருந்துவிட்டுப் பின்னர்க் குற்றங்கூறுதல் முறையாகுமோ? உறுப்புக்களின் தொகைவரையறையை நாமே எழுதிக் கொடுத்தலும், ஒன்றுடையது, பலவுடையது, இல்லாதது என்னும் மூவகை நூற்பகுதியாலும் நிரலைச் சோதித்தலும், வந்த தொகையை நூலின் தொகையோடு ஒப்பிடுதலும் நம் கடன். 117-ஆம் சங்கீதத்தில் வசனம் 2. 119-ஆம் சங்கீதத்தில் 176. இவ்விரண்டையும் ஒருங்கே சரியாகப் படிக்கும் நிரலையே நாம் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

ஐயாயிரவர் உண்டபின், எஞ்சிய துணிக்கைகளுள் ஒன்றுங் கெடாவண்ணம் சேர்க்குமாறு ஆண்டவர் சீடரைப் பணித்தார். அவர்கள் முதற்றுணிக்கையோடு நின்றாரல்லர். பன்னிரண்டு கூடை நிறையச் சேர்த்தனர். நம் முன்னோர் விட்டுச்சென்ற நூல்களையும் அங்ஙனமே எஞ்சாது சேர்க்க நாம் முற்படுவோமாக.